காதால் படித்த நாவல்கள்

ஒரு நாவலைக் கேட்டு முடித்தவர் அதைப் ‘படித்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற சச்சரவு இலக்கியக் கூட்டங்களில் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. என்னை உறுத்துவது வேறு. ‘நடை தொய்கிறது’, ‘உரையாடல் உயிரோட்டமாக இருக்கிறது’ என்றெல்லாம் மதிப்புரை எழுதுகிறவர், அந்த நாவலைக் கையில் வைத்துப் படித்தாரா, பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாரா என்பதைச் சொல்வதே இல்லை. சமீபத்தில் சில தமிழ் நாவல்களை இரண்டு வழியிலும் கடந்து வந்தேன். சிலவற்றை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு புத்தகத்தைப் பிரித்தேன். சிலவற்றை வருஷங்களுக்கு முன்பு படித்திருந்தேன், இப்போதுதான் கேட்டேன். பல நாவல்களில் என் அபிப்பிராயமே மாறிப்போனது. சில என் மதிப்பில் கூடின, சில குறைந்தன. எது ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

‘பொன்னியின் செல்வ’னிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். தமிழில் ஒலிநூல் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் ஒலிப்பதிவு செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஒற்றைக் குரலில் வாசித்தது, பாத்திரத்துக்கு ஒரு குரலாகப் பிரித்துப் பின்னணி இசை சேர்த்தது, வீட்டு அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்தது என்று எல்லாத் தரத்திலும் கிடைக்கிறது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த கதை இது. வாரம் ஒரு முறை வாசகரை இழுத்துவர வேண்டிய கட்டாயம் அத்தியாய முடிவுகளில் அப்படியே பதிந்திருக்கிறது. புத்தகமாகப் படிக்கும்போது இந்த உத்தி எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்தது. கேட்கும்போது அலுக்கவில்லை. ஒரு நாள் நடைப்பயிற்சிக்கு ஓர் அத்தியாயம், மறுநாள் அடுத்தது என்று கேட்டால் நாவல் தான் பிறந்த வேகத்துக்கே திரும்பிவிடுகிறது.

இன்னொரு லாபம், கல்கியின் கதைசொல்லி. வாசகரை நேரடியாக விளித்து, கையைப் பிடித்து, ‘இங்கே கொஞ்சம் நில்லுங்கள், நூற்றாண்டுகளுக்கு முன்னால் போவோம்’ என்கிற தோரணையில் பேசும் அந்த ஆள்தான் என்னைப் பொறுத்தவரை நாவலின் முதன்மைப் பாத்திரம், வந்தியத்தேவன் இரண்டாவதுதான். ஒற்றைக் குரலில் வாசிக்கும்போது அவர் முழுசாக வந்து உட்கார்ந்துகொள்கிறார். பல குரல் நாடகமாக்கினால் அவர்தான் முதல் பலி. ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு நடிகர், நந்தினிக்கு ஒரு நடிகை, குதிரைக் குளம்பொலி, வீணை எல்லாம் இருக்கும். கதை சொல்கிறவருக்கு மட்டும் அறிவிப்பாளர் வேலை. இத்தனை உழைப்பில் உருவான பல குரல் பதிப்புகளை நான் பாதியில் நிறுத்தியதற்கு இதுவே காரணம்.

நஷ்டமும் உண்டு. அச்சில் கண் தானாகவே தாவும். கோட்டை வர்ணனை வந்தால் இரண்டு பத்தி தள்ளி இறங்கும். சோழர் வம்சாவளி விளக்கம் வந்தால் பக்கத்தையே புரட்டும். காதுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் முதல் முறையாக ஐந்தாம் பாகமான ‘தியாக சிகர’த்தின் 91 அத்தியாயங்களையும் ஒரு சொல் விடாமல் கேட்க நேர்ந்தது. பட்டத்து இளவரசன் கரிகாலன் இறந்த பிறகு கதைக்கு எஞ்சியிருக்கும் ஒரே கேள்வி, மகுடம் யாருக்கு என்பது. அதற்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனாலும் கல்கி முடிக்க மறுக்கிறார். பிரிந்தவர் சேர்கிறார்கள், சேர்ந்தவர் பிரிகிறார்கள், இறந்ததாக நினைத்தவர் வருகிறார்கள். ‘தியாக சிகரம்’ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நாவல் இன்னும் பெரிதாகியிருக்கும் என்பது என் தீர்மானமான எண்ணம். கண்ணால் படித்த காலத்தில் இது எனக்குத் தெரியாமல் போனது. நானே அந்த மூன்றில் ஒரு பங்கைத் தாவிக் கடந்திருக்கிறேன்.

இந்த விவாதத்தில் கேட்பது புதுசு, படிப்பது பழசு என்று பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழில் விஷயம் ஏறக்குறைய நேர்மாறு. ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து பிரிந்து சொல்லாகும். அச்சு வந்த பிறகும் ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் திண்ணையில் ஒருவர் ராகத்தோடு படிக்கப் பத்துப் பேர் கேட்பதற்காகவே விற்றன. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நாள்கணக்கில் வாசிக்கப்பட்டது, இன்றும் வாசிக்கப்படுகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சில் வந்தது. தனியாக உட்கார்ந்து, உதடு அசையாமல், ஒரு நீண்ட உரைநடைக் கதையைப் படித்து முடிக்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல இங்கே வேர்பிடிக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ இந்த மாற்றத்தை விரிவாகப் பேசுகிறது. மௌன வாசிப்பு நமக்கு ஒன்றேகால் நூற்றாண்டுப் பழக்கம், அவ்வளவுதான். கல்கி தொடர் எழுதிய காலத்திலும் இதழ் வந்த அன்று வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்டதை அந்தத் தலைமுறையினர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒலிநூல் என்ற சாதனம் பார்வையற்றவர்களுக்காகப் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1935இல் பார்வையற்றோருக்கான முதல் ‘பேசும் புத்தகங்கள்’ இசைத்தட்டுகளில் வந்தன. அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் கொலைக் கதையும் ஜோசப் கான்ராடின் ‘சூறாவளி’யும் அவற்றில் அடக்கம். ஒரு தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும். முதல் உலகப்போரில் கண்ணிழந்து திரும்பிய படைவீரர்களின் தேவையே அந்த முயற்சிக்கு உந்துதல். அவர்களிடம் போய் ‘கேட்டால் படித்ததாகுமா’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உளவியல் ஆய்வாளர்கள் இதில் என்ன கண்டார்கள்? பெத் ரொகோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நூலின் ஒரே பகுதியைச் சிலர் கேட்டார்கள், சிலர் மின்திரையில் படித்தார்கள், சிலர் இரண்டையும் ஒருசேரச் செய்தார்கள். உடனே வைத்த தேர்விலும் இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்விலும் புரிதலில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஒலிநூல் ஆதரவாளர்கள் ஓயாமல் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதற்கு முன்பே, 2010இல், டேனியலும் வுடியும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில் பாடக் கட்டுரையைக் கேட்டவர்கள் படித்தவர்களைவிட நன்றாகவே பின்தங்கினார்கள். 2013இல் வராவ் சூசாவும் சக ஆய்வாளர்களும் கண்டது இன்னும் சுவாரசியம்: கேட்கும்போதுதான் மனம் அதிகம் அலைகிறது, வாய்விட்டுப் படிக்கும்போது மிகக் குறைவாக அலைகிறது, மௌனமாகப் படிப்பது நடுவில் நிற்கிறது. ஆக, திண்ணையில் நல்லதங்காள் கதை படித்த ஆளுக்குத்தான் கதை முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, கேட்ட பத்துப் பேருக்கு அல்ல.

இன்னொரு ஆய்வு, 2019இல் பெர்க்லியில் ஃபத்மா டெனிஸும் ஜாக் கேலன்ட்டும் செய்தது. கதைகளைக் கேட்கும்போதும் படிக்கும்போதும் சொற்பொருள் மூளையில் எங்கெங்கே பதிகிறது என்று பிரதிமம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. செய்தித்தாள்கள் இதை ‘மூளைக்கு இரண்டும் ஒன்றுதான்’ என்று கொண்டாடின. ஆனால் சோதனை நடந்த விதத்தைப் பாருங்கள். படிக்கிறவர்களுக்குத் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக, பேச்சு ஓடிய அதே வேகத்தில் வந்து மறைந்தன. பின்னால் திரும்ப வழியில்லை, நிற்க வழியில்லை, தாவ வழியில்லை. சாதாரணமாகப் படிக்கும்போது நம் கண்ணசைவுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பின்னோக்கிப் போகின்றன என்பது கண்ணசைவு ஆய்வில் நெடுநாளாகத் தெரிந்த உண்மை. பேச்சையும் எழுத்தையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும் என்பதற்காக அந்தத் திரும்பலை எடுத்துவிட்டார்கள். அந்த ஆய்வின் கேள்விக்கு அது சரியான ஏற்பாடு. நாவல் வாசகரின் கேள்விக்கு அதில் பதில் கிடையாது. தவிர, இவையெல்லாம் ஆங்கிலத்தில் செய்தவை. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது வேறு தமிழ், அந்தப் பேச்சுத் தமிழும் ஆற்றுக்கு ஆறு மாறும் என்கிற நம் நிலைமை அவற்றின் கணக்கில் வராது.

அந்த நிலைமையில்தான் விஷயமே இருக்கிறது. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்பனும் மகனும் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள். கொலை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மிச்ச நாவல் முழுக்க எங்கே படுப்பது, எதைச் சமைப்பது, யார் எந்த வழியாக வருகிறார்கள் என்ற பேச்சுதான். வசனங்கள் குட்டையானவை. அச்சில் எனக்கு இது எப்போதும் தமிழின் மிகக் கச்சிதமான நாவல்களில் ஒன்று. நான் கேட்ட பதிவிலோ கோவில்பட்டிக் கரிசல் பேச்சு சென்னைச் செய்தி வாசிப்பின் இழுவையில் வந்தது. ஒவ்வொரு சொல்லும் சரி, உச்சரிப்பும் சரி. மேடுபள்ளம் மட்டும் இல்லை. கரிசல்காட்டுப் பேச்சில் கேள்வி எங்கே ஏறும், அதட்டல் எங்கே இறங்கும், பாசம் எப்படி எரிச்சல் போல ஒலிக்கும் என்பதையெல்லாம் பூமணி எழுத்தில் குறிக்கவில்லை, குறிக்கவும் முடியாது. படிக்கிறவன் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு தெற்கத்திக் குரலை வைத்து நிரப்பிக்கொள்கிறான். இதைத் தழுவிய ‘அசுரன்’ படம் 2019இல் வந்த பிறகு பலர் தனுஷின் குரலை வைத்து நிரப்புகிறார்கள், அது வேறு கதை. பொருந்தாத ஒரு குரல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் நிரப்ப இடமில்லாமல் போகிறது. நாவலில் குறையே இல்லாதபோதும் ‘உரையாடல் செயற்கை’ என்று அதைக் கேட்ட ஒருவர் எழுதக்கூடும். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இதற்கு நேர் எதிராக நடந்தது இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994இல் வந்தபோது இது தலித் விமர்சகர்களுக்குள் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. அந்த வாக்குவாதம் நாவலின் அரசியலைப் பற்றியது. என் மனக்குறை அதைவிட எளிமையானது. புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் புலம்புகிறாள், மறுபடி புலம்புகிறாள், முன்பு சொன்னதையே சொல்லிப் புலம்புகிறாள். படித்தபோது இத்தனை தேவையா என்று பல இடங்களில் நினைத்தேன். சமீபத்தில் வடாற்காடு, தென்னாற்காடு பக்கத்துப் பேச்சு நாக்கில் ஊறிய ஒரு பெண் இதன் சில அத்தியாயங்களை வாசிக்கக் கேட்டேன். தேர்ந்த கலைஞர் இல்லை, ஆசைக்கு வாசித்தவர். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்கும் இடம் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் அதே விளிப்பு, அதே பணிவு, அதே காத்திருப்பு. அந்தப் பெண் எதையும் சுருக்கவில்லை, வேகப்படுத்தவும் இல்லை. நான்காவது வாசலில் குரலில் ஒரு களைப்பு ஏறியது. திரும்பத் திரும்ப வருவதுதான் அங்கே செய்தி என்பது அப்போது விளங்கிற்று. ஒப்பாரியில் யாரும் புதுச் செய்தி எதிர்பார்ப்பதில்லை. ஆரோக்கியத்தின் பேச்சு ஒப்பாரியின் கட்டில் ஓடுகிறது. என் கண் அதைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் பார்த்து, வந்ததே வருகிறது என்று குறை சொல்லியிருக்கிறது. மகள் மேரிக்கு நேர்வதைச் சொல்லும் பகுதியில் அந்த வாசிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு மேல் நானும் அன்று கேட்கவில்லை.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ பற்றி எனக்கு அரை மனசுதான். 1966இல் வந்த நாவல். அலங்காரம் என்ற பாத்திரத்துக்கு ஈடாகத் தமிழில் அதற்கப்புறம் வந்தவை குறைவு. தஞ்சாவூர்ப் பேச்சைத் தி.ஜா. எழுதுவதே ஒரு குரல் போலத்தான் இருக்கும், ஆகவே ஒலிவடிவம் இயல்பாகப் பொருந்தும் என்று எதிர்பார்த்தேன். சென்னை வீட்டில் அலங்காரமும் கணவர் தண்டபாணியும் ஒருவரோடொருவர் பேசாமலே எல்லாம் தெரிந்தவர்களாக நடமாடும் இடங்கள் காதில் பிரமாதமாக விழுந்தன. இந்து, தான் காதலிக்கும் அப்புவிடம், அதாவது அலங்காரத்தின் மகனிடம், மனதைத் திறந்து கொட்டும் இடங்கள் விழவில்லை. அச்சில் அந்தப் பேச்சுக்கு ஒரு வேகம் உண்டு. உரக்கக் கேட்டால் அது மேடை வசனம். இது வாசித்தவரின் தவறு என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் பக்கங்களை நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். தவறு வாசித்தவருடையது இல்லை. இந்து பேசும்போது தி.ஜா. அவளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறார், அலங்காரத்தைப் பேசவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியது. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் எழுதுவதை நிறுத்தி, 2016இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து மறுபடி எழுத வந்தவர் தந்த நாவல்; மனிதர்களைப் பற்றி எழுதப் பயந்து ஆட்டைப் பற்றி எழுதுவதாக முன்னுரையிலேயே ஒரு குத்தல். தாத்தா பாட்டி கதை சொல்லும் தொனி என்பதால் காதுக்கு இதமாக இருக்கிறது, வெள்ளாட்டின் பசியும் சூலும் மனசில் நிற்கின்றன. ஆட்டுக் காதில் அடையாளம் குத்த வரிசையில் நிற்கும் அத்தியாயத்தில் அங்கதம் கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. அச்சிலும் சத்தம்தான், குரலில் இரட்டிப்பாகிறது.

கேட்கவே கூடாத நாவல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ என்பேன். 1981இல் வந்த இது, இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கை வரலாறு போல நடிக்கிறது. ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள் ஜோசப் ஜேம்ஸ் இறந்தான் என்ற தகவலோடு தொடங்குகிறது. நாட்குறிப்பு வருகிறது, நூற்பட்டியல் வருகிறது, ஆளுக்கு ஆள் மாறுபடும் நினைவுகள் வருகின்றன. இந்த நடிப்புக்கெல்லாம் மேடை அச்சிட்ட பக்கம்தான். ஒரு நூற்பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துச் சிரித்துவிட்டு நகரலாம், ஆனால் ஒருவர் அதை வரிசையாக வாசிக்க நாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதைவிட முக்கியமானது வாக்கியம். சு.ரா.வின் வாக்கியங்களில் பாதி, முடிந்த பிறகுதான் முதல் பாதியைத் திரும்பிப் பார்க்க வைக்கும். புகழ்ச்சி போலத் தொடங்கும், கடைசிச் சொல்லில் அது கிண்டல் என்று தெரியும். உடனே கண் திரும்பிப் போய் முதலிலிருந்து படிக்கும். அந்த இரண்டாவது வாசிப்பில்தான் சிரிப்பு இருக்கிறது. ஒலிநூலில் பதினைந்து வினாடி பின்னால் தள்ளும் பொத்தான் இருக்கிறது, உண்மைதான். பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அதை எத்தனை முறை அழுத்துவது? நான் கேட்டபோது இந்த நாவல் வெறும் அபிப்பிராயங்களின் தொகுப்பாகச் சுருங்கியது. ஜே.ஜே.யை ‘கட்டுரைத்தனமானது’ என்று குறை சொல்லும் இளம் வாசகர்கள் பலரைச் சமீபத்தில் பார்க்கிறேன். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்படிப் படித்தீர்கள் என்பதுதான்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. 1977இல் வந்தது, 1948இல் இந்திய ராணுவம் நுழையும் நாட்களின் செகந்தராபாத், ஹைதராபாத், அதில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரியும் சந்திரசேகரன். வாக்கியங்கள் சின்னவை, திரும்பிப் பார்க்கும் அவசியம் பெரும்பாலும் இல்லை. காதுக்கு ஏற்றது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நம்மிடையே குரல் கொடுக்கிறவர்களில் பலர் வானொலி நாடகத்தின் வாரிசுகள். சோகம் என்றால் குரல் தழுதழுக்க வேண்டும், பயம் என்றால் மூச்சு வாங்க வேண்டும். அசோகமித்திரன் பயங்கரத்தைப் பால் வாங்கிவந்த செய்தி போலச் சொல்கிறவர். கலவர இரவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட சந்திரசேகரன் முன்னால், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் ஆடையைக் களையும் கடைசிக் காட்சியை ஒருவர் விம்மலோடு வாசித்தார். காட்சி அங்கேயே போய்விட்டது. எழுத்தாளர் தடுத்து வைத்த உணர்ச்சியை நம்மிடம் முன்கூட்டியே செலவழித்துவிட்டார் அவர்.

வேகமும் இங்கே கணக்கில் வரும். கல்கியை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒன்றும் குடிமுழுகாது, சில இடங்களில் மேம்படவும் செய்யும். அசோகமித்திரனை அந்த வேகத்தில் ஓட்டினால் வாக்கியங்களுக்கு நடுவில் அவர் விட்டுவைத்த இடைவெளி போய்விடுகிறது.

ஆனாலும் இதே நாவலில் காது எனக்கு ஒன்றைக் கொடுத்தது. சந்திரசேகரன் சில இடங்களில் ‘நான்’ என்று பேசுவான், சில இடங்களில் ‘அவன்’ ஆகிவிடுவான். அச்சில் இந்த மாற்றத்தை ஓர் உத்தியாகக் குறித்துக்கொண்டு தாண்டியிருந்தேன். கேட்டபோது, அதே குரல் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு முன்னறிவிப்பில்லாமல் ‘சந்திரசேகரன்’ என்று தன்னையே தள்ளிவைத்துப் பேசியது. விம்மல் வாசகர்தான், அந்த இடத்தில் மட்டும் என்ன உணர்ச்சி காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். வெறுமனே வாசித்துக்கொண்டு போனார். நாவல் முழுவதையும் அவர் அப்படியே வாசித்திருக்க வேண்டும்.